தாய்மாமன் மடியில் இரண்டு பேர்

அசோக் நகர்,
19.2.2026, வியாழன்.

அன்புள்ள லாவண்யாவுக்கு,

உன் மதினி ஜெயபாரதி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. இருக்கிறோம், அவ்வளவுதான். காலையில் உன் அம்மாவோடு போனில் பேசினேன். உன் முத்துவுக்கு இன்னும் ஆக்ஸிஜன் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அம்மை நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியா ஆகிவிட்டது, இரண்டு நாள் போனால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஏழு மாதப் பிள்ளை. போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் நிலாவுக்குக் காய்ச்சல் விட்டு நாளாகிவிட்டது. இருமல் மட்டும் விடவில்லை. வலது காதில் சீழ் வடிந்து அதற்குத் தனியாக மருந்து ஓடுகிறது. எலும்பும் தோலுமாக இருக்கிறாள். இட்லித் தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என்னை பாத்ரூம் போகக்கூட விடுவதில்லை. உன் அண்ணன் பத்து மணிக்குப் பாத்திரக் கடைக்குப் போனால் இரவு பத்தரைக்குத்தான் வருகிறார், அது உனக்குத் தெரிந்ததுதானே. ஒரு குத்துவிளக்கைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற மனிதர், தெர்மாமீட்டரைக் கொடுத்தால் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். முன்பெல்லாம் இதற்குச் சண்டை போடுவேன். இப்போது அதற்கும் தெம்பில்லை. குக்கரை வைத்துவிட்டு எத்தனை விசில் வந்தது என்பதே மறந்துபோகிறது.

என் அசதியை உன்னிடம் சொல்ல எனக்கு வாயில்லை. நான்கு நாளாக ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவள் நீ. நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கைகூப்பும் படங்களாக வந்து விழுகின்றன. எல்லோரும் போட்டுவிட்டார்கள், நான் மட்டும் ஒன்றும் போடவில்லை என்பதை நீ கவனித்தாயோ இல்லையோ. நான் என்னத்தைப் போட?

உன் அம்மா இன்னொன்றும் சொன்னார்கள். அதற்காகத்தான் இந்தப் பேப்பரை எடுத்தேன். நீ ஏழாம் தேதி முத்துவைத் தூக்கிக்கொண்டு மாலுக்குப் போனதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று உன் மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில், நான்கு பேர் காதில் விழும்படி சொன்னார்களாமே. உன் வீட்டுக்காரர் சுரேஷ்குமாரும் வாயே திறக்கவில்லையாமே. நீ பிறகு உன் அம்மா தோளில் சாய்ந்து, "என் புள்ளைக்கு நானே எமனாயிட்டேம்மா" என்று அழுதாயாமே.

இல்லை, லாவண்யா. முத்துவுக்கு இது மாலிலிருந்து வரவில்லை. என் வீட்டிலிருந்து வந்தது. நிலாவிடமிருந்து வந்தது. அது எனக்குப் பதினைந்து நாளாகத் தெரியும்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். நிலாவுக்கு மருந்து கொடுத்தேன், பால்காரருக்குக் கேனைக் கழுவி வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் வரி அப்படியே இருக்கிறது. இனி நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முத்துவுக்குக் காது குத்தியது தைப்பூசத்தன்று, ஞாயிற்றுக்கிழமை. நிலாவுக்கு அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே காய்ச்சல் ஆரம்பித்துவிட்டது. மூக்கு ஒழுகியது, வறட்டு இருமல், இரண்டு கண்ணும் மிளகாய் பட்டதுபோல் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசியது. பனிக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அப்படித்தான் உண்மையாகவே நினைத்தேன், அதில் பொய் இல்லை. உடம்பில் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. பொட்டு இருந்தால்தானே அம்மை என்று நமக்குத் தெரியும்?

அவளை வீட்டில் வைத்துக்கொண்டு நானும் நின்றிருக்கலாம். உன் அண்ணனை மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தும்போது, தாய்மாமன் பெண்டாட்டி சீர்த்தட்டு ஏந்தி வராமல் இருந்தால் என்ன பேசுவார்கள் என்று உனக்கே தெரியும். உன் வளைகாப்புக்கு நான் வராமல் போனதற்கு என்னவெல்லாம் பேசினார்கள்! மதினிக்கு வயிற்றெரிச்சல் என்று உன் பெரியம்மா சொன்னது என் காதுக்கே வந்தது. இந்த முறை அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று வீம்பு. பதினோரு தட்டு, வெள்ளி அரைஞாண், குட்டித் தோடு, பட்டு வேட்டி என்று எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. காலை ஆறு மணிக்கு நிலாவுக்குக் காய்ச்சல் சிரப்பைக் கொடுத்து, உடம்பு குளிர்ந்ததும் பாவாடை சட்டை போட்டுக் கிளப்பிவிட்டேன்.

உங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து ஏ.சி. போட்டிருந்தது. எண்பது பேர். ஆசாரி ஊசியை எடுத்ததும் உன் அண்ணன் மடியில் முத்துவை வைத்தாய். உடனே இந்தக் கழுதை ஓடிப்போய், "இது எங்கப்பா மடி, நானும் உக்காருவேன்" என்று இன்னொரு தொடையில் ஏறிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். முத்து வீறிட்டு அழ, இவள் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அழாதடா, அழாதடா" என்று சொல்லிச் சொல்லி இருமினாள். அவள் கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று நீ கேட்டாய். சாம்பிராணிப் புகை என்று சொன்னேன். அந்தப் படத்தைத்தான் நீ உன் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறாய். தினமும் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் காதுக்குப் பின்னால் சிவப்பாகப் பொரி ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் முகம் முழுக்க. மறுநாள் காலையில் கழுத்து, மார்பு, முதுகு என்று கீழே இறங்கிவிட்டது. வியாழக்கிழமை பாதம்வரை. காய்ச்சல் நூற்று நான்கு. புதன்கிழமை காலையில் பாத்திரம் தேய்க்க வந்த முனியம்மாள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். நான் ஏதோ அலர்ஜி என்றேன். அவள் கையிலிருந்த சோப்பைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா கண்ணு நீ, கொயந்தைக்கு ஆத்தா வந்துகீது, அலர்ஜின்னு சொல்லிக்கினு கீற? வாசல்ல ரெண்டு வேப்பல சொருவு. வர்றவன் போறவனுக்குத் தெரியணும்ல?" என்றாள். சொருகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

பிறகு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனேன். அந்தம்மா நிலாவின் வாயைத் திறந்து கன்னத்தின் உட்புறம் டார்ச் அடித்தார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார்கள். சிவந்த சதைமேல் உப்புக்கல் தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாக நாலைந்து புள்ளி, மறைந்துகொண்டிருந்தது. தட்டம்மை என்றார்கள். உடனே இரண்டு கேள்வி கேட்டார்கள். தட்டம்மை ஊசி போட்டீர்களா? பிறகு, இந்த நாலைந்து நாளில் இவள் பக்கத்தில் ஒரு வயது ஆகாத குழந்தை ஏதாவது இருந்ததா? இருந்தால் இன்றைக்கே கூட்டி வரச் சொல்லுங்கள், மூன்று நாளுக்குள் என்றால் ஒன்பது மாதத்துக்கு முன்பே ஊசி போடலாம், ஆறு நாளுக்குள் என்றால் வேறு ஒரு மருந்து இருக்கிறது, வராமல் தடுக்கலாம், வந்தாலும் வேகத்தைக் குறைக்கலாம் என்றார்கள்.

அன்றைக்கு மூன்றாம் நாள், லாவண்யா. பெருங்குடியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்திருப்பாய். நான், "யாரும் இல்லை டாக்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்கு எப்படிச் சொல்ல? முதல் கேள்விக்கு நான் போட்டாச்சு என்று பொய் சொல்லியிருந்தேன். அந்தப் பொய்க்கு இது துணைப்பொய். நிலாவுக்கு ஒன்பது மாதம் ஆனது 2021 மே மாதம். கொரோனாவில் ஊரே செத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே பயம், அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த மாதம் அதற்கடுத்த மாதம் ஆனது. பிறகு கடையை மறுபடி திறந்தோம், வீடு மாறினோம், ஒன்றரை வயதில் போட வேண்டியதையும் விட்டேன். உன் அண்ணன் ஒரு நாள் கேட்டார், எல்லாம் போட்டாச்சு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு போய்ப் போடுவதற்குக்கூட வெட்கம். பள்ளிக்கூடப் படிவத்திலும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். போன தீபாவளிக்கு, முத்துவின் ஊசித் தேதிகளை நீ பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து, இதென்ன ரயில்வே டைம்டேபிளா என்று கிண்டல் வேறு செய்தேன்.

அம்மை என்று வெளியே தெரிந்தால் ஊசிக் கணக்கு வெளியே வரும். உன் முன்னால், உன் அம்மா முன்னால், உன் அண்ணன் முன்னால் நான் என்ன மூஞ்சியோடு நிற்பது? என் மூஞ்சியைத்தான் பெரிதாக நினைத்தேன். அன்று சாயங்காலம் நீயே போன் செய்தாய். நிலாவுக்கு இருமலும் கண் சிவப்பும் எப்படி இருக்கு மதினி என்று கேட்டாய். முத்து பக்கத்தில் ஏதோ குழறிக்கொண்டிருந்தான். வாய்வரை வந்தது. சரியாகிவிட்டது, கொஞ்சம் அலர்ஜி என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அண்ணனிடமும் அதையேதான் சொன்னேன். அவர் வரும்போது அவள் போர்வைக்குள் தூங்கியிருப்பாள்.

முனியம்மாள் சொன்னதைக் கேட்டிருந்தால், அந்தப் பத்தரை மணிக்கு வாசலில் வேப்பிலையைப் பார்த்து உன் அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே உனக்குப் போன் போட்டிருப்பார். இலையில் மருந்து இருக்கிறதோ இல்லையோ, செய்தி இருந்தது. நான் படித்தவளாம், வேண்டாம் என்றேன். ஆனால் இதுவும் சொல்ல வேண்டும். இலை கட்டுகிற வழக்கத்தை நம்பினாலும் பாதிதான் தப்பித்திருப்போம். பொரி வந்த பிறகுதானே நாம் இலை கட்டுவோம்? அதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அது பரவ ஆரம்பித்துவிடுமாம். வெறும் சளி இருமலாக இருக்கும்போதே. பொரி வந்தபின் இன்னும் நான்கு நாள்.

இதெல்லாம் நேற்று வந்த கார்ப்பரேஷன் நர்ஸ் ஜஹீதா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முத்துவுக்கு அம்மை என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்கிறது. விசேஷத்துக்கு வந்தவர்கள் என்று நீங்கள் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு, வீடு வீடாக விசாரித்து வருகிறார்கள். எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அன்றைக்கு உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்போது பார்த்து நிலா உள்ளேயிருந்து வந்து என் மடியில் ஏறினாள். ஜஹீதா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். அதட்டவில்லை. "அக்கா, பாப்பா கன்னத்துல பாருங்க, திட்டு திட்டா கறுத்துத் தவிடு மாரி உதிருது. இது அலர்ஜி போன தோலு இல்லக்கா" என்றார்கள். நான் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர்கள் என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நோட்டில் எழுதிக்கொண்டார்கள், நிலாவுக்கு வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுத்தார்களா, எத்தனை வேளை என்று கேட்டார்கள். நிலாவின் பள்ளி வேனில் ஒரு பிள்ளைக்கு ஜனவரியிலேயே வந்திருக்கிறதாம். அதே வேனில் வருகிற மற்ற எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களின் அம்மாக்கள் ஊசி போட்டிருந்தார்கள். ஊசி போடாதவர்கள் பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளுமாம். தொடக்கூட வேண்டாமாம். அடைத்த அறையில் ஒருவர் இருமிவிட்டு எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் காற்றிலேயே நிற்குமாம். முத்துவுக்கு ஒன்பது மாதம் ஆகாததால் ஊசி போட வேளையே வரவில்லை. நீ எதையும் தவறவிடவில்லை.

இன்னொன்றும் கேட்டு வாங்கிக்கொண்டேன், உனக்காக. அம்மை உள்ளே போனால் காய்ச்சலாக வெளியே வரப் பத்து நாள் போல ஆகும், மூன்று நான்கு நாளில் வரவே வராது என்றார்கள். நீ மாலுக்குப் போனது ஏழாம் தேதி. முத்துவுக்குக் காய்ச்சல் கண்டது பதினொன்றாம் தேதி. பதினொன்றிலிருந்து பின்னால் பத்து நாள் விரல்விட்டு எண்ணிப் பார். நேராகக் காது குத்திய அன்றைக்குத்தான் போய் நிற்கும். ஜஹீதா புறப்படும்போது, "அவங்க கிட்ட நான் சொல்லலாம்க்கா. ஆனா நீங்க சொல்றதுதான் சரி" என்று மட்டும் சொன்னார்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் காற்றோடு போய்விடும், நாளைக்கே என் பயம் என்னைக் கொண்டு வேறு மாதிரி பேசவைக்கும். உன் மாமியாரிடம் காட்ட உன் கையில் ஒன்று இருக்க வேண்டும். இதைக் காட்டு. சுரேஷ்குமாரிடமும் காட்டு. யாருக்காவது சந்தேகம் இருந்தால் என் கையெழுத்து கீழே இருக்கிறது. உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. கவரை ஒட்டாமல் அவரிடமே கொடுத்து, நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று சொல்லப் போகிறேன். கட்டாயம் கொடுத்துவிடுவேன்.

மன்னித்துவிடு என்று எழுதவில்லை. அந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது உன்னிடம் எனக்கென்று ஒன்றைக் கேட்க மனசு கூசுகிறது. ஒன்றே ஒன்று மட்டும் செய். நான்தான் காரணம் என்று இனிமேல் நீ சொல்லாதே, யார் சொன்னாலும் தலை குனியாதே. அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

முத்துவுக்கு முருகன் துணை இருப்பான். நெஞ்சுச் சளி கரைந்து, கண் திறந்து, உன் சேலையைப் பிடித்து இழுக்கட்டும். அவன் நன்றாக வளரட்டும். என்னை அத்தை என்று கூப்பிடக் கூடாது என்று நீ சொல்லி வளர்த்தாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கூப்பிடுகிற வயசுக்கு அவன் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் மதினி
க. ஜெயபாரதி